பைன்வுட் டெர்பி காருக்கு எடை குறைந்த சக்கரம்: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

அமெரிக்காவில் பிள்ளையைக் கப் ஸ்கவுட்டில் (சிறு பிள்ளைகளுக்கான சாரணர் இயக்கம்) சேர்த்த முதல் குளிர்காலத்திலேயே ஒரு சின்னப் பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். உள்ளே ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், நான்கு ஆணி. 1953-ல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்கிற கப்மாஸ்டர் தன் பேக்கின், அதாவது தான் நடத்திய கப் ஸ்கவுட் குழுவின், பையன்களுக்காகத் தொடங்கிய பைன்வுட் டெர்பி பந்தயத்துக்கான கிட் அது. பிள்ளை உள்ளே உட்கார்ந்து சரிவில் ஓட்டுகிற பெரிய சோப் பாக்ஸ் காருக்கான வயது அவர் மகனுக்கு அப்போது வரவில்லை, அதனால் கையடக்கமாக ஒன்று யோசித்தார். கட்டையைச் செதுக்கி, ஆணியில் சக்கரத்தை மாட்டி, மொத்த எடை 5 அவுன்சுக்குள் அடக்கி, சாய்வான டிராக்கின் மேலிருந்து விட்டுவிட வேண்டியதுதான். மோட்டார் கிடையாது. புவியீர்ப்பு மட்டும்தான்.

காரை எப்படி வேகமாக்குவது என்று இணையத்தில் தேட ஆரம்பித்த அரை மணி நேரத்தில் 'லைட்வெயிட் சக்கரம்' விற்கும் கடைகள் கண்ணில் படும். கிட் மொத்தத்துக்கும் கொடுத்த காசைப் போலச் சில மடங்கு விலை இருக்கும். வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஆனால் அது கடைசியில் செய்கிற வேலை. வட்டம் சரியாக இருக்கிற கனமான சக்கரம், கோட்டம் உள்ள லேசான சக்கரத்தை ஜெயித்துவிடும். வாங்கியே தீருவது என்று முடிவு செய்தால் வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் விதித்தாளைப் படியுங்கள்

கிட்டோடு வரும் தாளில் பொதுவான அளவுகள் இருக்கும்: அகலம் 2¾ அங்குலம், நீளம் 7 அங்குலம், எடை 5 அவுன்ஸ், அதாவது சுமார் 141.7 கிராம். பேரிங், வாஷர், புஷ் எதுவும் கூடாது. ஆனால் சக்கரத்தை எவ்வளவு தொடலாம் என்பதை ஒவ்வொரு பேக்கும் தனியாக முடிவு செய்கிறது. சில பேக்கில் கிட்டில் வந்த சக்கரம்தான், மோல்டு பிசிறை லேசாகத் தேய்க்க மட்டும் அனுமதி. சில இடங்களில் லேத்தில் கடைந்து வட்டம் சரிசெய்த சக்கரம் பரவாயில்லை, ஆனால் எடை குறைக்கக் கூடாது என்பார்கள். ஓரிரு இடங்களில் எதுவும் செல்லும். இதற்கு மேல் பேக் பந்தயத்தில் ஜெயித்து மாவட்டப் பந்தயத்துக்குப் போனால் அங்கே விதி வேறாக இருக்கலாம், பேக்கில் செல்லுபடியான சக்கரத்தை அங்கே பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

விதியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். சக்கரத்தின் குறைந்தபட்ச எடையோ விட்டமோ சொல்லியிருக்கிறதா? வெளிப்பக்க எழுத்தும் ஓரத்து வரிகளும் அழியாமல் இருக்க வேண்டுமா? நான்கு சக்கரமும் டிராக்கைத் தொட வேண்டுமா? தெளிவாக இல்லையென்றால் பந்தயத்தை நடத்துபவருக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் அவரும் உங்களைப் போல ஒரு அப்பாவோ அம்மாவோதான், முன்னாடியே கேட்டால் சந்தோஷப்படுவார், பந்தயத்தன்று வாதாடினால் மாட்டார்.

லேசான சக்கரத்தால் எவ்வளவு லாபம்

கார் கீழே இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி காரை முன்னே தள்ளுவதற்குப் போகிறது, கொஞ்சம் சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் போகிறது. சுழற்றப் போன பங்கு வேகத்துக்கு உதவாது. கிட்டில் வரும் சக்கரம் ஒன்று சுமார் 2.6 கிராம். அதன் எடையில் பாதிக்கு மேல் விளிம்பில் இருப்பதால், நான்கும் சேர்ந்து காரில் கூடுதலாக ஏறக்குறைய 6 கிராம் இழுத்துக்கொண்டு போவது போன்ற விளைவைத் தருகின்றன. 1.5 கிராம் சக்கரம் போட்டால் அது 3 கிராம் அளவுக்கு இறங்கும். 142 கிராம் காரில் 3 கிராம் என்றால் ஆற்றலில் 2 சதவீதம், வேகத்தில் 1 சதவீதம்.

சாதாரண 42 அடி டிராக்கில் நல்ல கார் சுமார் 3 விநாடியில் முடிக்கும். அதில் 1 சதவீதம் 0.03 விநாடி. முடிவுக் கோட்டில் அது காரின் நீளத்தில் முக்கால் பங்கு, கிட்டத்தட்ட 5 அங்குலம். முன்னணிக் கார்கள் ஆயிரத்தில் சில பங்கு விநாடி வித்தியாசத்தில் வருகிற பந்தயத்தில் இது பெரிய விஷயம்தான். ஆனால் ஆணி சொரசொரப்பாக இருந்தாலோ, கார் நேராக ஓடாமல் டிராக்கின் நடுவே நீளமாகப் போகும் நடுப் பட்டையில் இடித்து இடித்து வந்தாலோ இந்த 0.03 போல் பல மடங்கு அங்கேயே போய்விடும். அதனால்தான் கடைசி வேலை என்றேன்.

இதில் பாதி லாபம் சும்மாவே கிடைக்கும். முன்சக்கரங்களில் ஒன்றைக் கொஞ்சம் உயர்த்தி, சுமார் 1/16 அங்குலம், டிராக்கைத் தொடாமல் மாட்டிவிட்டால் சுழல்வது மூன்றுதான். 6 கிராமில் ஒன்றரை அங்கேயே மிச்சம். பேக் விதி அனுமதித்தால் காசு செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

கடையில் என்னென்ன கிடைக்கும்

முதல் வகை, ஒரே மோல்டில் வந்த சக்கரங்களைப் பொறுக்கிச் சேர்த்தது. சக்கரத்தின் உள்பக்கத்தில் மோல்டு எண் இருக்கும், ஒரே எண் என்றால் நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எடை குறையாது, ஆனால் எந்தக் கறாரான பேக்கிலும் பொதுவாகப் பிரச்சினை வராது. இரண்டாவது, டிராக்கைத் தொடும் ஓடுபரப்பை மட்டும் லேத்தில் மெல்லியதாக ஒரு இழை எடுத்து வட்டம் சரிசெய்தது. மூன்றாவது, வட்டம் சரிசெய்ததோடு விளிம்பின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக்கைக் கடைந்து எடுத்தது, இது 1.5 முதல் 2 கிராம் வரை வரும், 'லைட்வெயிட்' என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். நான்காவது, 1 கிராம் பக்கம் இறங்கிய, தாள் போன்ற சக்கரம். பெரியவர்கள் தங்களுக்குள் ஓட்டும் திறந்த பிரிவுக்கானது, குழந்தைகள் பந்தயத்தில் அதைப் பார்த்தாலே மேசையில் இருப்பவர் புருவத்தை உயர்த்துவார்.

கிண்டர்கார்ட்டன், முதல் வகுப்புப் பிள்ளைக்கு முதல் வகை போதும் என்பது என் எண்ணம். அந்த வயதில் அது காரைக் கையில் பிடித்துச் சமையலறைத் தரையில் உருட்டத்தான் போகிறது, மெல்லிய சக்கரம் அதைத் தாங்காது. நான்காம், ஐந்தாம் வகுப்பில், வேலையில் பாதியைப் பிள்ளையே செய்கிற கட்டத்தில், மூன்றாவது வகையை யோசிக்கலாம்.

வாங்கும்போது எடையை மட்டும் கேட்காதீர்கள். எடை எங்கே குறைந்தது என்று கேளுங்கள். விளிம்பில் எடுத்த அரை கிராம், நடுக் குடத்தின் (ஆணி போகும் துளையைச் சுற்றியுள்ள பகுதி) பக்கம் எடுத்த அரை கிராமைவிட மிக மதிப்புள்ளது. அதோடு ஆணி போகும் துளையைத் தொட்டிருக்கிறார்களா, எப்படி என்றும் கேளுங்கள். துளை பெரிதாகிவிட்ட சக்கரம் எவ்வளவு லேசாக இருந்தாலும் ஆணியில் தள்ளாடும். முடிந்தால் நான்குக்குப் பதில் ஆறு வாங்குங்கள், பொறுக்கி எடுக்க வாய்ப்பிருக்கும், ஒன்று உடைந்தாலும் மாற்று இருக்கும்.

வந்ததும் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியவை

நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் காட்டுவது, இணையத்தில் மலிவாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்திலும் பென்சிலால் ஓர் எண் போட்டு எடையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவது பிள்ளையின் வேலை, அதற்குப் பிடிக்கவும் செய்யும். ஒரே தொகுப்பில் ஒன்று மட்டும் 0.1 கிராமுக்கு மேல் விலகியிருந்தால் அதைச் சந்தேகத்தோடு பாருங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகக் கடைந்திருக்கும்.

அடுத்து கோட்டம். ஆணியை ஒரு கட்டையில் கிடையாக அடித்து நிறுத்தி, சக்கரத்தை மாட்டி, ஓடுபரப்பை ஒட்டி ஒரு விசிட்டிங் கார்டின் ஓரத்தை நிறுத்துங்கள். பின்னால் ஒரு விளக்கு. சக்கரத்தை லேசாக ஒரு பக்கமாக அழுத்தியபடி மெதுவாகக் கையால் சுற்றினால் கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே தெரிகிற ஒளிக்கீற்று அகலுகிறதா குறுகுகிறதா என்று பாருங்கள். சைக்கிள் கடைக்காரர் ரிம்மில் கோட்டம் பார்ப்பாரே, அதே வித்தைதான். பிறகு கார்டைச் சக்கரத்தின் பக்கவாட்டில் நிறுத்தி அதே போல் ஒரு சுற்று. மேலும் கீழும் ஆடுவது ஒரு குறை, பக்கவாட்டில் ஆடுவது வேறு குறை, இரண்டாவது இருந்தால் குடம் காரின் பக்கச் சுவரில் உரசும். டயல் இண்டிகேட்டர் என்கிற நுண்ணளவு காட்டும் கருவி வைத்திருப்பவர்கள் அதை எண்ணாகவே படிக்கலாம், ஆனால் இதற்காக ஒன்று வாங்கத் தேவையில்லை.

ஓடுபரப்பு தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சக்கரத்தை நிறுத்தி மறுபக்கம் டார்ச் அடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம், இரு ஓரத்திலும் தெரிந்தால் நடு மேடு. அப்படியே கண்ணாடியில் உருட்டிவிடுங்கள், எப்போதும் ஒரே பக்கம் வளைந்து போகிற சக்கரத்தின் ஓடுபரப்பு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

துளைக்கு உங்களிடமிருக்கும் ஆணிதான் அளவுகோல். நீங்கள் பாலிஷ் செய்து முடித்த ஆணியில் சக்கரத்தை மாட்டி விரலால் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். நான்கிலும் ஒரே அளவு ஆட்டமா என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் தொளதொளவென்றால் ஒதுக்குங்கள்.

கடைசியாக, மெல்லிய சக்கரம் என்றால் குடமும் தட்டும் சேருமிடத்தில் வெள்ளைக் கோடு போல விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். விளிம்பைக் கட்டைவிரலால் மிக மெதுவாக அழுத்தும்போது வளைந்துகொடுத்தால் அந்தச் சக்கரம் டிராக்கின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போதும் வளையும்.

சுழற்றிப் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள்

ஆணியில் மாட்டி விரலால் சுண்டி எத்தனை விநாடி சுழல்கிறது என்று எண்ணுவதை எல்லோரும் செய்வார்கள், காணொளிகளிலும் காட்டுவார்கள். லேசான சக்கரத்தையும் கனமானதையும் ஒப்பிட இது சரியான வழியே இல்லை. ஒரே வேகத்தில் ஆரம்பித்தால் லேசான சக்கரம்தான் முதலில் நிற்கும், காரணம் அதனிடம் சுழற்சி ஆற்றல் குறைவு, எதிர்க்கிற காற்று அதே காற்று. அதாவது எந்தக் குணத்துக்காகக் காசு கொடுத்தீர்களோ அதே குணம் இந்தச் சோதனையில் தோல்வியாகத் தெரியும். விரலால் சுண்டும் வேகமும் ஒவ்வொரு தடவை ஒரு மாதிரி. போதாததற்கு, கையில் சுழலும்போது ஆணியின் மேல் இருப்பது சக்கரத்தின் சொந்த எடை இரண்டு கிராம், காரில் மாட்டினால் 142 கிராமை மூன்று சக்கரம் பகிர்ந்துகொள்ள வேண்டும். உராய்வு அங்கே முற்றிலும் வேறு கதை.

சாய்த்த பலகையில் இரண்டு தனிச் சக்கரங்களைப் போட்டியாக உருட்டிவிடுவதும் இதே வகைதான். தனியாக உருளும் சக்கரம் எவ்வளவு சீக்கிரம் கீழே வரும் என்பதை அதன் எடை தீர்மானிப்பதில்லை, எடை விளிம்பில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. கனமானதும் லேசானதும் சேர்ந்தே வந்து நிற்கலாம். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று கடைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

சுழற்றுவதால் இரண்டு உபயோகம் உண்டு. ஒரே சக்கரத்தை, வழவழப்புக்கான கிராஃபைட் தூளைப் போடும் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். அப்புறம், நிற்கும் தறுவாயில் சக்கரம் முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடி எப்போதும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அந்த இடம் கனம் என்று தெரிந்துகொள்ளலாம்.

மாட்டும் முன் தயார் செய்வது

ஆணியின் தலைக்குக் கீழே பிசிறும், தண்டில் அழுத்தத் தடமும் இருக்கும். டிரில்லில் பிடித்துச் சின்ன அரத்தால் பிசிறை எடுத்து, 400, 600, 1000, 2000 என்று உப்புத்தாளில் ஏறிக்கொண்டே போய், தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கண்ணாடி போல வரும். சக்கரத்தின் துளைக்கு உப்புத்தாள் வேண்டாம், பிளாஸ்டிக் பாலிஷைப் பைப் கிளீனரில் தொட்டுச் சில தடவை இழுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். சக்கரத்தை டிரில்லில் மாட்டி ஓடுபரப்பைத் தேய்க்கிற ஆசை வரும். சக்கரம் பாலிஸ்டைரின், சூடு ஏறினால் இளகும், அதுவும் ஏற்கெனவே கடைந்து மெலிந்ததைத் தொடவே வேண்டாம்.

காய்ந்ததும் கிராஃபைட் தூள். துளை, குடத்தின் முனை, ஆணித் தலையின் உள்பக்கம், காரில் குடம் உரசுமிடம் என்று எல்லா இடத்திலும். போட்டுச் சுழற்றி, மறுபடி போட்டுச் சுழற்றி, பல தடவை. அடியில் பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள், கார்ப்பெட்டில் கொட்டினால் வீட்டில் பந்தயம் வேறு மாதிரிப் போகும். கிராஃபைட் போட்ட இடத்தில் எண்ணெய் சேர்க்காதீர்கள், இரண்டும் சேர்ந்து பசையாகிவிடும்.

எது எங்கே

எடையைப் பின்பக்கம் வைத்து, காரின் சமநிலைப் புள்ளி பின் ஆணிக்கு முன்னால் முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலத்தில் வருவதுதான் வழக்கம். அப்படியிருந்தால் காரின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் பின்சக்கரங்களில் இறங்கும். ஆகவே பொறுக்கியதில் மிகச் சிறந்த இரண்டு பின்னால். முன்னால் தரையைத் தொடும் சக்கரம் நடுப் பட்டையை உரசி ஓடப்போவதால் அதன் உள் ஓரம் வழவழப்பாக இருக்க வேண்டும். தூக்கிவைக்கும் நான்காவது சுழலவே போவதில்லை, இருப்பதில் மோசமானதை அங்கே கொடுங்கள். குடத்துக்கும் மரத்துக்கும் நடுவே கிரெடிட் கார்டு தடிமன் இடைவெளி விட்டால் போதும்.

சக்கரத்தில் குறைந்த எடையைத் திரும்பக் காரில் சேர்க்க மறக்காதீர்கள். ஒன்றுக்கு ஒரு கிராம் என்றால் மொத்தம் 4 கிராம் குறைந்திருக்கும், அதை டங்ஸ்டன் என்கிற கனமான உலோகமாகப் பின்பக்கம் வைத்தால் இன்னும் கொஞ்சம் லாபம். இதைச் செய்யாமல் 138 கிராம் காரை ஓட்டிவிட்டு லேசான சக்கரம் பிரயோஜனமில்லை என்று சொல்பவர்கள் உண்டு.

காரில் வைத்துச் சோதிப்பது

இதுதான் உண்மையான சோதனை, சிக்கலும் இங்கேதான். சக்கரத்தை மாற்ற ஆணியைப் பிடுங்க வேண்டும், பிடுங்கித் திரும்பச் செருகினால் கார் ஓடும் திசை மாறிவிடும், அந்த மாற்றம் சக்கர எடையால் வரும் வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஆகவே முதலில் ஒவ்வோர் ஆணித் தலையிலும் பன்னிரண்டு மணி இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், திரும்பச் செருகும்போது கோடு அதே இடத்துக்கு வரட்டும். பிறகு நான்கு அடி நீளமுள்ள நேரான பலகையை லேசாகச் சாய்த்து, நடுவில் கோடு போட்டு, காரை உருட்டி எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்று அளந்துவிடுங்கள். டிராக்கில் தரையைத் தொடும் முன்சக்கரம் நடுப் பட்டையை நோக்கிப் போகிற மாதிரி கார் லேசாக விலக வேண்டும், தொடக்கத்துக்கு நான்கு அடிக்கு ஓர் அங்குலம் போதும். சக்கரம் மாற்றிய ஒவ்வொரு தடவையும் இந்த விலகல் அதே அளவுக்கு வந்த பிறகுதான் நேரம் எடுக்க வேண்டும்.

பல பேக்குகளில் பந்தயத்துக்கு முன் ஒரு நாள் டிராக்கைத் திறந்துவிடுவார்கள், டைமரும் இருக்கும். போகும்போது இரண்டு தொகுப்புச் சக்கரங்களையும் தராசையும் எடுத்துப் போங்கள். ஒரே லேன். முதலில் பழையது, பிறகு புதியது, மறுபடி புதியது, கடைசியில் மறுபடி பழையது என்ற வரிசையில் ஓட்டுங்கள். கிராஃபைட் படியப் படியக் கார் தானாகவே கொஞ்சம் வேகமெடுக்கும், பழையதை முதலிலும் புதியதைப் பிறகும் மட்டும் ஓட்டினால் அந்த லாபமும் புதிய சக்கரத்தின் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொன்றையும் சில தடவை ஓட்டி, மிகச் சிறந்த நேரத்தை அல்ல, நடு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போதெல்லாம் காரின் மொத்த எடையும் சமநிலைப் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒட்டி எடுக்கக்கூடிய டங்ஸ்டன் களிம்பு இதற்குத்தான். இதை ஒரே நாளில் முடித்துவிடுங்கள். ஆணியைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் பைன் மரத்தின் பள்ளம் தளர்ந்துவிடும்.

டிராக் கிடைக்காவிட்டால் எட்டு அடிப் பலகையைச் சாய்த்து, முடிவுக் கோட்டில் போனை வைத்து, விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் பதிவு செய்யலாம். ஒரு படம் 0.004 விநாடி. கார் விடுபடும் படத்திலிருந்து கோட்டைத் தொடும் படம் வரை எண்ணிக்கொள்ளுங்கள், இரண்டு இடமும் ஒரே காட்சிக்குள் வருகிற மாதிரி போனைத் தள்ளி வையுங்கள். ஓட்டம் ஒன்றரை விநாடிதான் என்றால் எதிர்பார்க்கிற வித்தியாசம் மூன்று, நான்கு படம். கையால் விட்டால் அந்த வித்தியாசம் கையிலேயே போய்விடும், ஒரு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, அதைச் சரிவின் கீழ்ப்பக்கமாகச் சட்டென்று இழுத்து விடுங்கள்.

புதிய சக்கரம் வேகமாக வரவில்லை என்றால் சக்கரத்தைக் குறை சொல்லும் முன் துளையையும் நேர்கோட்டையும் இன்னொரு தடவை பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பழையதையே போட்டுவிட்டுப் போங்கள், டைமர் சொல்வதைவிட விலைச்சீட்டு சொல்வதை நம்ப வேண்டாம்.

செக்-இன் அன்று

சோதனை முடிந்ததும் காரைத் தரையில் ஓட்டவிடாமல் ஒரு ஷூ பெட்டியில், சக்கரத்தில் எடை இறங்காதபடி அடியில் ஒரு ஸ்பாஞ்சு வைத்து வையுங்கள். பிள்ளைக்கு விளையாட மிச்சக் கட்டையில் இன்னொரு கார் செய்து கொடுத்துவிடலாம், பழைய சக்கரத்துக்கும் வேலை கிடைக்கும். எடை பார்க்கும் மேசையில் காரை வாங்கிக்கொண்ட பிறகு பெரும்பாலும் திருப்பித் தரமாட்டார்கள், அதனால் கடைசிக் கிராஃபைட்டை வரிசையில் நிற்கும்போதே போட்டுவிடுங்கள். அவர்கள் தராசு உங்கள் தராசைவிடச் சிறிது கூடக் காட்டினால் கிள்ளி எடுக்க வசதியாக அந்த டங்ஸ்டன் களிம்பு காரின் அடியில் இருக்கட்டும். கிட்டில் வந்த நான்கு சக்கரமும் சட்டைப் பையில் இருக்கட்டும், மேசையில் இருப்பவர் லேசான சக்கரத்தை எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.